கோடி கொடுத்தவன் பெயர் ரகசியம், புகார் கொடுத்த பிள்ளை பெயர் பகிரங்கமா?

(வடசென்னை வழக்கறிஞர் அணி, சமூக ஊடக அணித் தோழர்களிடையே வழக்கறிஞர் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. தெரிஞ்ச வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் அனுப்புங்க.)



ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர்னு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கீங்க. கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். இதைப் பிறகு நம் பக்கத்தில் படிக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இன்னைக்குப் பேசப்போறது கோர்ட்டுல போடுற காகிதத்தைப் பத்தி. "இது வக்கீல் சமாச்சாரம், நமக்கென்ன?"னு நினைக்காதீங்க. முன்னெல்லாம் ஒரு வழக்குக் கட்டு கோர்ட்டு பீரோவுக்குள்ள இருக்கும். அதைப் பார்க்கணும்னா ஆள் போகணும், நகல் மனு போடணும், நாள் கணக்கா காத்திருக்கணும். இன்னைக்கு அதே கட்டு ஒரு பி.டி.எஃப் கோப்பு. வக்கீல் போனில் இருக்கு, குமாஸ்தா போனில் இருக்கு, ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கு. அங்கிருந்து உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வர அரை நிமிஷம் போதும். ஆகவே இது நம் எல்லோருடைய சமாச்சாரம்.

முதலில் இ-ஃபைலிங் எப்படி நடக்குதுன்னு எளிமையா சொல்லிடறேன். வழக்கறிஞர் தன் பார் கவுன்சில் பதிவு எண், செல்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் கணக்கு தொடங்குறார். மனுவையும் ஆவணங்களையும் ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப் ஆக ஏத்துறார். டிஜிட்டல் கையெழுத்தோ ஆதார் ஓ.டி.பி மூலமான கையெழுத்தோ போடுறார். கட்டணத்தை ஆன்லைனில் கட்டுறார். நீதிமன்ற அலுவலகம் சரிபார்க்குது. குறை இருந்தா திருப்புது, இல்லைன்னா எண் கொடுக்குது. 2007இல் ஆரம்பிச்ச இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூணாவது கட்டத்துக்கு மட்டும் 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. இனி திரும்பிப் போற பேச்சே இல்லை. நாமும் திரும்பிப் போகச் சொல்லல. எண்ணூரிலிருந்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பாரிமுனைக்கு வந்து ஒரு நாள் கூலியை இழக்காமல் தன் வழக்கு என்னாச்சுன்னு போனிலேயே பார்க்க முடியுதுன்னா, அது நல்ல விஷயம்தான்.

ஆனா ஒண்ணை கவனிங்க. அவர் தன் வழக்கைப் பார்க்கிற அதே வழியில் ஊரே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேட பதிவு வேணாம், பாஸ்வேர்டு வேணாம். பெயர், வருஷம், எந்த நீதிமன்றம், இவ்வளவுதான். வழக்கு என்ன பிரிவு, அடுத்த தேதி எப்போ, உத்தரவு என்ன, எல்லாம் வரும். நிலத் தகராறுக்கு இது சரி. ஆனா பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணோட பெயரோ, கணவன் கொடுமையால் வீட்டை விட்டு வந்த பெண்ணோட முகவரியோ, ஒரு குழந்தையோட பள்ளிக்கூடப் பெயரோ அப்படி வரலாமா?

வரக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனாலும் வந்தது. நம் சென்னையிலேயே வந்தது.

2024 டிசம்பர் 23ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை துணிஞ்சு கோட்டூர்புரம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. பதிவான முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர், அந்தப் பிள்ளையின் விவரங்களோடு வெளியே வந்தது. போனுக்குப் போன் பரவியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் அது பூட்டப்படாமல் இருந்திருக்கலாம்னு தேசிய தகவல் மையம் விளக்கம் கொடுத்தது. டிசம்பர் 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் 3 பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வன்கொடுமையை மட்டுமில்ல, எஃப்.ஐ.ஆர் கசிந்ததையும் விசாரிக்கச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 வருஷத்துக்குக் குறையாம உள்ளே இருக்கணும்னும் சொன்னது.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைச்சுது. ஆனா போனில் இறங்கிய கோப்பை எந்த நீதிமன்றம் திரும்ப வாங்கும்? கோளாறைச் சரிபண்ணலாம், தளத்திலிருந்து எடுக்கலாம். ஆளாளுக்குச் சேமிச்சு வெச்சதை யார் எடுக்கிறது? நெட்டில் ஏறிய ஒரு தீர்ப்பை இறக்குறதே எவ்வளவு கஷ்டம்னு பாருங்க. வழக்கில் விடுவிக்கப்பட்ட ஒருத்தர், தன் பெயர் உள்ள தீர்ப்பைச் சட்டத் தேடல் தளத்திலிருந்து எடுக்கணும்னு கேட்டார். 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு எடுக்கச் சொன்னது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஏத்துறதுக்கு அரை நிமிஷம், இறக்குறதுக்கு டெல்லி வரைக்கும் போகணும். அதனால கவனம் ஏத்துறதுக்கு முன்னாடிதான் வேணும்.

இதில் சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் போடணும்னு சொன்னது. ஏழைபாழைக்கு நகல் கிடைக்கணும், போலீஸ் மறைக்கக்கூடாதுங்கிறதுக்காக. அதே தீர்ப்பிலேயே பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளுக்கு விலக்கும் சொன்னது. 2018 டிசம்பர் 11ஆம் தேதி நிபுண் சக்சேனா வழக்கில் இன்னும் தெளிவா ஒரு வழியைக் காட்டுச்சு. பாதிக்கப்பட்டவர் பெயர் உள்ள ஆவணங்களை முடிஞ்ச வரைக்கும் உறையிலிட்டு மூடி வைக்கணும். பொதுப் பார்வைக்குப் போகக்கூடிய இடத்தில், பெயர் நீக்கிய அதே மாதிரி ஆவணத்தை வைக்கணும்.

இளம் வழக்கறிஞர்கள் இதை எழுதி வெச்சுக்கங்க: ரெண்டு கட்டு. ஒண்ணு நீதிபதி பார்க்க, ஒண்ணு ஊர் பார்க்க. கணினி வந்தாலும் இதே கணக்குதான்.

இதோட சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய சட்டங்களும் இருக்கு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி 2 வருஷம் வரை சிறை. போக்சோ சட்டத்தின் 33(7) பிரிவு குழந்தையின் அடையாளத்தைக் காக்கிற பொறுப்பை நீதிமன்றத்துக்கே கொடுக்குது. சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்கும் சாட்சியான சிறுவனுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுக்குது. இந்து திருமணச் சட்டம் 22ஆவது பிரிவுப்படி மணவிலக்கு விசாரணை மூடிய அறைக்குள் நடக்கணும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைப் புகாரின் விவரத்தை வெளியிடக் கூடாதுன்னு 2013ஆம் வருஷச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்லுது. கம்பெனி வேலைக்குப் போற நம் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? புகார் கொடுத்தா ஷிஃப்ட் முழுக்கத் தெரிஞ்சிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கிறவங்களிடம் போய் இதைச் சொல்லுங்க.

இப்போ, நடைமுறையில் எங்கே சறுக்குது? நம் வழக்கறிஞர் தோழர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

முதலாவது, தலைப்பு. மனுவின் உள்ளே கவனமா பெயரை மறைச்சிட்டு, மனுதாரர் பெயர்ப் பெட்டியில் முழுப் பெயரைத் தட்டச்சு செஞ்சா தேடுபவனுக்கு அது போதும். ஆங்கில எழுத்து 'எக்ஸ்'னோ, 'பாதிக்கப்பட்டவர்'னோதான் அங்கே போகணும். கோப்புக்கு வைக்கிற பெயரிலும் கவனம் வேணும். உள்ளே கறுப்பு மை அடிச்சிட்டு, கோப்புப் பெயரில் அந்தப் பிள்ளையின் பெயரையே வெச்சு அனுப்பாதீங்க.

இரண்டாவது, பெயர் மட்டும் அடையாளம் இல்லை. நிபுண் சக்சேனா தீர்ப்பும் இதைத்தான் சொல்லுது. ஆளைக் கண்டுபிடிக்க உதவுற எந்த விவரமும் அடையாளம்தான். பெரிய நகரத்தில் "9ஆம் வகுப்பு மாணவி"ன்னா லட்சம் பேர். நம் குப்பத்தில் "9ஆம் வகுப்பு, அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை, வீடு மாரியம்மன் கோயில் பின்னாடி"ன்னா ஒரே பிள்ளைதான். காலையில் தண்ணி லாரி வரிசையில் நிக்கும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகும். தப்பு பண்ணவன் தெருவிலேயே இருப்பான். இதைத் தடுக்கிறதுக்குத்தான் நாம இருக்கோம்.

மூன்றாவது, கறுப்புக் கட்டம். பி.டி.எஃப்பில் பெயர் மேல கறுப்புக் கட்டம் வரைஞ்சா மறைஞ்சிடும்னு நினைக்கிறோம். மறையாது. கண்ணுக்குத்தான் கறுப்பு. அடியில் எழுத்து அப்படியே இருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேற இடத்தில் ஒட்டினா முழுசா வந்துடும். இது நம் ஊர் வக்கீலுக்கு மட்டும் நடக்குறதில்லை. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டுக்காக ஆஜரான வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் மின்னணு முறையில் போட்ட மனுவில் இதுதான் நடந்துச்சு. பத்திரிகைக்காரங்க கறுப்புக் கட்டத்தை நகலெடுத்து ஒட்டினாங்க, ரகசியமெல்லாம் அன்னைக்கே செய்தியாச்சு. அவ்வளவு பெரிய வக்கீல்களே அங்கே கோட்டை விட்டாங்கன்னா நாம எவ்வளவு கவனமா இருக்கணும்! செலவில்லாத வழி சொல்றேன். காகிதத்தில் அச்செடுங்க. மறைக்க வேண்டிய வரி மேல காகிதத்தை ஒட்டுங்க. அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி அந்தப் பெயரைக் கோப்பில் தேடிப் பாருங்க. வரலைன்னா அப்புறம் ஏத்துங்க.

நான்காவது, ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 2007லிருந்து ஒரு விதி இருக்கு. அடையாள எண்ணில் கடைசி 4 இலக்கம் மட்டும் போடணும். பிறந்த தேதியில் வருஷம் மட்டும். சிறுவர்களின் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும். நாம என்ன பண்றோம்? ஆதாரை ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து அப்படியே இணைக்கிறோம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற ஆதார் அட்டையை ஆதார் ஆணையமே தன் தளத்தில் கொடுக்குது. இறக்கிக்கங்க, அதைப் பயன்படுத்துங்க.

ஐந்தாவது, கடை. கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும்தான் பாதி ஃபைலிங் நடக்குது. அந்தக் கடைக்காரரைக் குத்தம் சொல்லல, அவர் இல்லைன்னா நம்ம பொழப்பு ஓடாது. ஆனா ஸ்கேன் பண்ண கோப்பு அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். மின்னஞ்சலை மூடாம வந்துட்டா அடுத்து உட்கார்றவன் பார்ப்பான். போக்சோ, குடும்ப வழக்கு, எச்.ஐ.வி சம்பந்தப்பட்ட வழக்கு, இதையெல்லாம் கடைக்குக் கொண்டுபோகாதீங்க. சொந்தமா வசதி இல்லைன்னா நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போங்க, இல்லைன்னா நம் அணி அலுவலகத்துக்கு வாங்க. குமாஸ்தாவுக்கு அனுப்பணும்னா வாட்ஸ்அப்பில் வேணாம். வழக்கு முடியும் வரை அது போனில் கிடக்கும், போன் மாத்தினா பழைய போனிலும் கிடக்கும்.

ஆறாவது, கேட்டு வாங்குங்க. பெயர் மறைக்கணும், மூடிய அறையில் விசாரிக்கணும்னு தனியா ஒரு மனு போடுங்க. பெயர் உள்ள மூலக் கட்டை உறையிலிட்டு, மேலே வழக்கு எண் எழுதி, நேரில் ஒப்படைக்க அனுமதி கேளுங்க. "எல்லாம் ஆன்லைன், காகிதம் வாங்க மாட்டோம்"னு கவுன்டரில் சொன்னா ஒரு விஷயம் நினைவூட்டுங்க. 2021 ஜனவரியில் சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் வெளிவந்த பிறகு, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களே மிக ரகசியமான ஆவணங்களைக் காகிதத்தில் அல்லது பாதுகாப்பான பென் டிரைவ் மாதிரியான சாதனத்தில் மட்டும் வாங்க ஆரம்பிச்சாங்க. உலகத்திலேயே அதிகமா கம்ப்யூட்டர் தெரிஞ்ச நாடு "இதை மட்டும் காகிதத்தில் கொடு"ன்னு சொல்லுச்சு. நாம கேட்கிறதில் என்ன தப்பு?

தோழர்களே, இதுவரைக்கும் பூட்ட வேண்டியதைப் பத்திப் பேசினேன். இனி திறக்க வேண்டியதைப் பத்தி.

2023 டிசம்பர் மாசத்தை எண்ணூர் மறக்காது. 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம்னு பரவி, வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பாச்சு. வலை போச்சு, படகு போச்சு. நம்ம ஆட்கள் கையால் எண்ணெயை அள்ளினாங்க. அது ஆறுறதுக்குள்ள 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சது. தூக்கத்திலிருந்து எழுந்து, கைக்குழந்தையோட மூச்சு முட்ட ஓடினாங்க. ரெண்டையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அமோனியா கசிவுக்கு 5 கோடியே 92 லட்சம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது.

இந்த மாதிரி வழக்கில் நம்ம மக்களிடம் என்னென்ன காகிதம் கேட்கிறாங்க? ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை, ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே. ஒரு பெண்ணுக்குக் கருச்சிதைவு ஆகியிருந்தா அந்தச் சீட்டும். மனுவோட எல்லாம் இணைப்பாகப் போகுது. மனுவின் நகல் எதிர்த்தரப்புக் கம்பெனி வக்கீலுக்கும் போகுது, அதுதான் நடைமுறை. ஆக, நம்ம ஊர்ப் பெண்ணோட மருத்துவச் சீட்டு கம்பெனி அலுவலகத்து மேசையில் இருக்கு. நம்ம காற்றில் அந்தக் கம்பெனி என்ன விடுதுங்கிற சீட்டு நம்மகிட்ட இருக்கா?

இதுதான் தோழர்களே தலைகீழ். ஏழையின் உடம்பு திறந்த புத்தகம், ஆலையின் புகைபோக்கி மூடிய புத்தகம்.

எண்ணூர் கழிமுகத்தின் வரைபடத்தையே எடுத்துக்கங்க. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் கழிமுகமும் அலையாத்தியும் உப்பளமும் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னாடி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கின இன்னொரு வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கும் மேலான அந்தக் கழிமுகத்தையே காணோம். இதை 2017இல் மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் வெளியே கொண்டு வந்தாங்க. ஆறு அங்கேயே இருக்கு, காகிதத்தில் இல்லை. அந்த வரைபடம் முதல் நாளிலிருந்தே எல்லார் கண்ணிலும் படுற மாதிரி இருந்திருந்தா எவனுக்காவது அப்படி அழிக்கத் துணிச்சல் வருமா?

அடுத்து, மூடிய உறை. மேலே நான் சொன்ன உறை ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாத்துற உறை. இன்னொரு உறை இருக்கு, அதிகாரத்தைக் காப்பாத்துற உறை. அரசு ஒரு உறையை நீதிபதிகிட்ட கொடுக்கும். எதிர்த்தரப்புக்கு உள்ளே என்னன்னு தெரியாது. தெரியாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்றது? மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சிக்கு உரிமம் மறுத்தப்போ ஒன்றிய அரசு இதைத்தான் செஞ்சுது. கேரள உயர் நீதிமன்றம் உறையைப் பார்த்துட்டுத் தடை சரின்னு சொன்னது. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. மூடிய உறை இயற்கை நீதிக்கும் திறந்த நீதிமன்றத்துக்கும் விரோதம்னு சொன்னது. உண்மையிலேயே ரகசியம் இருந்தா அந்த வரியை மட்டும் மறைச்சு, மீதியைக் கொடுக்கலாம்னும் வழி காட்டுச்சு. திரும்பவும் அதே ரெண்டு கட்டுக் கணக்குதான்.

தேர்தல் பத்திரத்தை மறந்துடுவோமா? 2018 ஜனவரியிலிருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் 6 வருஷம் எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தான்னு மக்களுக்குத் தெரியாது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுப்படி விவரங்கள் தேர்தல் ஆணையத்துக்குப் போனதும் மூடிய உறையில்தான். 2024 பிப்ரவரி 15ஆம் தேதி 5 நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தையே செல்லாதுன்னு சொன்ன பிறகு, மார்ச் மாசம்தான் பட்டியல் வெளியே வந்தது. கோடி கொடுத்தவன் பெயரை 6 வருஷம் காப்பாத்தத் தெரிஞ்ச நாட்டில், புகார் கொடுத்த ஒரு பிள்ளையின் பெயரை ஒரு வாரம் காப்பாத்த முடியல. இதைவிட வேற என்ன சொல்லணும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி 9 நீதிபதிகள் சொன்னாங்க. அது மனுஷனுக்குச் சொன்னது. புகைபோக்கிக்குச் சொன்னதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. இ-ஃபைலிங் தளத்தில் "இது ரகசிய ஆவணம்"னு குறிக்க, எல்லா நீதிமன்றத்துக்கும் ஒரே மாதிரியான எளிய வழி தமிழிலும் வேணும். போக்சோ, பாலியல் குற்றம், குடும்ப வழக்குன்னு பிரிவைத் தேர்ந்தெடுத்த உடனேயே பெயர் தானாக மறையணும்.

2. யார் எப்போ எந்தக் கோப்பைத் திறந்தாங்கன்னு பதிவாகணும். கசிஞ்சா பொறுப்பானவரைக் கண்டுபிடிக்கணும். "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடாது.

3. திருவொற்றியூர், பொன்னேரி, ஜார்ஜ் டவுன்னு எல்லா நீதிமன்ற வளாகத்திலும் இ-சேவை மையம் முழு நேரமும், போதுமான ஆட்களோட, தனியா உட்கார்ந்து ஸ்கேன் பண்ணும் வசதியோட இயங்கணும். வழக்கறிஞர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இலவசப் பயிற்சி வேணும்.

4. பேரிடர் இழப்பீட்டு வழக்கில் பயனாளிகளின் ஆதார், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு எல்லாம் தனிக் கட்டாக, கட்டுப்பாட்டோட இருக்கணும்.

5. எண்ணூர், மணலி ஆலைகளின் புகை, கழிவுநீர் அளவுகளும், விபத்து விசாரணை அறிக்கைகளும், கடற்கரை வரைபடங்களும் தமிழில், யாரும் கேட்காமலே, வெளியில் இருக்கணும்.

கடைசியா, உங்களிடம். ஆமா, போனைக் கையில் வெச்சு இதைப் படிக்கிற உங்களிடம்தான்.

நாளைக்கு இன்னொரு சம்பவம் நடக்கலாம், நடக்கக் கூடாதுன்னுதான் ஆசை. நடந்தா ஒரு எஃப்.ஐ.ஆர் உங்க போனுக்கு வரும். எதிர்க்கட்சிக்காரன் மாட்டியிருப்பான். "இதைப் போட்டா நாளைக்கு ட்ரெண்டிங் நாமதான்"னு தோணும். போடாதீங்க. பெயரை மறைச்சுக்கூடப் போடாதீங்க, ஏன்னு மேலே சொல்லிட்டேன். அது யாருக்கு எதிரா இருந்தாலும், நமக்கு எவ்வளவு லாபமா இருந்தாலும் வேணாம். எந்தக் கொடியைப் பிடிச்சவன் பகிர்ந்தாலும் 72ஆவது பிரிவு ஒண்ணுதான். சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளையா இருந்தா பகிர்வோமா? நம்ம குரூப்பில் யாராவது போட்டா உடனே நீக்கச் சொல்லுங்க. கேட்கலைன்னா ஆளை குரூப்பிலிருந்து எடுங்க. அவர் எவ்வளவு மூத்த நிர்வாகியா இருந்தாலும் சரி.

அதுக்குப் பதிலா பகிர வேண்டியது நிறைய இருக்கு. பாதிக்கப்பட்ட பெண் யாராவது இருந்தா, சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணைக் கொடுங்க. 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. எண்ணூர் மக்களுக்குச் சொல்லுங்க: பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, காரணம் எழுந்த நாளிலிருந்து 5 வருஷம் அவகாசம். எண்ணெய், அமோனியா ரெண்டுக்கும் அந்தக் கணக்கு 2028 டிசம்பரில் முடியுது. காகிதங்களை இப்பவே பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க. ஆலை விட்ட புகையைப் படம் எடுங்க, தேதியோட போடுங்க. வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கின பதிலை ஊருக்கே காட்டுங்க. அதை எவ்வளவு வேணும்னாலும் ஃபார்வர்டு பண்ணுங்க.

வடசென்னையில் நியாயம் கேட்க வர்ற ஒரு பெண், "என் பெயர் வெளியே போயிடுமோ"ன்னு பயந்து பாதி வழியில் திரும்பிப் போகக் கூடாது. நம் வழக்கறிஞர் அணி அலுவலகம் எந்தக் கட்சிக்காரருக்கும், எந்தக் கட்சியிலும் இல்லாதவருக்கும் திறந்திருக்கு. வர்றவங்க பெயரைக் கேட்போம், வெளியே சொல்ல மாட்டோம்.